வீட்டுப் பட்டறையில் மும்முனை மின்சாரம்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் மேன்மை பற்றியும் ஒற்றுமையின் வலிமை பற்றியும் பேசுவதே வழக்கம். அவற்றை நமக்கு முன் பேசிய பெருமக்கள் சிறப்புற எடுத்துரைத்துவிட்டார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஆனால் உயிரோடு தொடர்புடையது. வீட்டிலேயே பட்டறை அமைக்கும் நம் இளைஞர், அங்கே மும்முனை மின்சாரத்துக்கான பிளக் பாயின்டுகளை எவ்வாறு அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது.

இப்பொருளை ஏன் தேர்ந்தோம் என்று கேட்கலாம். நம் கழகத்தில் படித்த பிள்ளைகள் எல்லாரும் அலுவலகத்தில் அமரவில்லை. பலர் தொழில் கற்றார்கள். வெல்டிங் கற்றவர் வீட்டுப் பின்புறத்தில் கொட்டகை போட்டு, கதவும் ஜன்னலும் செய்கிறார். தச்சு வேலை கற்றவர் மரம் அறுக்கும் இயந்திரம் வாங்குகிறார். மோட்டார் காயில் கட்டுபவரும், சிறிய லேத்து வைத்திருப்பவரும், மாவு மில் நடத்தும் சகோதரியரும் நம்மிடையே உள்ளனர். பிறர் களத்தில் கூலிக்கு நின்ற தலைமுறைக்குப் பின் சொந்த இயந்திரத்தின் முன் நிற்கும் தலைமுறை வந்திருப்பது சிறு செய்தியன்று. ஆனால் அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்பதை அறியாமல் நிற்போமானால், நமக்குக் கிடைத்த உடைமையே நம் உயிருக்கு உலை வைக்கும்.

மின்சாரத்துக்கும் நம் விடுதலைக்கும் உள்ள உறவை முதலில் நினைவுகூர்வோம். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக விளங்கினார். மின்வள வளர்ச்சியும் அவர் பொறுப்பில் இருந்தது. 1943 அக்டோபரில் மின்வளக் கொள்கைக் குழுவின் கூட்டத்துக்குத் தலைமை வகித்துப் பேசியபோது, இந்நாட்டின் வறுமை நீங்கத் தொழில் வளர வேண்டும், தொழில் வளர மலிவான மின்சாரம் நிறையக் கிடைக்க வேண்டும் என்னும் கருத்தை வலியுறுத்தினார். 1944-இல் மத்திய தொழில்நுட்ப மின்வாரியம் அமைந்ததும் அக்காலத்தில்தான். அரசியல் சட்டம் வகுத்த அண்ணலை நாம் அறிவோம். மின்சாரத்தைப் பற்றித் திட்டமிட்ட அண்ணலைப் பலர் அறியார்.

நம் தமிழகத்தில் 1930-களில் பைக்காராவிலும் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் எழுந்தன. ஆலைகள் ஓடின, வயல்களில் பம்புசெட்டுகள் ஓடின. ஆயினும் பல ஊர்களில் ஊர்த்தெருவில் விளக்கு எரிந்து நெடுங்காலம் கழித்தே சேரித் தெருவுக்குக் கம்பம் வந்தது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் முதியோர் அறிவர். அப்படித் தாமதமாக வந்த மின்சாரத்தை இனி அறிவோடு ஆளக் கற்பது நம் கடமை.

இனிப் பொருளுக்கு வருவோம். நம் வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் வருவது ஒருமுனை மின்சாரம். ஒரு பேஸ் கம்பி, ஒரு நியூட்ரல் கம்பி. இரண்டுக்கும் இடையே 230 வோல்ட். பட்டறை இயந்திரங்களுக்கு வருவது மும்முனை மின்சாரம். அதில் மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் உண்டு. ஏதேனும் ஒரு பேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு பேஸ்களுக்கு இடையிலோ 400 வோல்ட். 230-ஐ 1.732-ஆல் பெருக்கினால் 398 வரும். அந்த 1.732 என்பது மூன்றின் வர்க்கமூலம். முன்பு 240 வோல்ட்டும் 415 வோல்ட்டும் என்று வழங்கியதும் இதே கணக்கில்தான். கணக்குப் பாடத்தில் வர்க்கமூலம் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதனை விடையாகக் கூறலாம்.

பேச்சு வழக்கில் இதனை 'ஹை வோல்டேஜ்' என்கிறோம். மின்துறை விதிகளின் மொழியில் உயர் அழுத்தம் என்பது 650 வோல்ட்டுக்கு மேற்பட்டது. 400 வோல்ட் நடுத்தர அழுத்தம் என்றே நெடுங்காலம் குறிக்கப்பட்டது. பெயர் நடுத்தரம் என்பதால் அதன் கேடும் நடுத்தரம் என்று எண்ணிவிடக் கூடாது. மனித உடலுக்கு 230 வோல்ட்டே போதும்.

எவ்வாறு என்று பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதியைக் கொண்டே பார்ப்போம். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். வியர்வையில் நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொள்வோம். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 1 மில்லி ஆம்பியர் சென்றால் உடலில் சுருக்கென உணர்வோம். 10 முதல் 15 மில்லி ஆம்பியர் சென்றால் தசை இறுகிக் கை கம்பியை விடாது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் மூச்சும் இதயமும் ஆபத்துக்கு உள்ளாகத் தொடங்கும். 50, 100 என ஏறினால் இதயத்தின் சீரான துடிப்பு குலைந்து, சில நொடிகளில் உயிர் போகலாம். நாம் கணக்கிட்டதோ 230. ஒரு 60 வாட் குண்டு பல்பை எரிக்கும் மின்னோட்டத்தைக் காட்டிலும் இது அதிகம் இல்லை. இருந்தும் ஓர் ஆளைக் கொல்ல இதில் கால் பங்கே போதும்.

நாட்டில் மின்சாரம் தாக்கி ஆண்டுதோறும் 10,000-க்கும் மேற்பட்டோர் மாள்வதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டு அறிக்கைகள் காட்டுகின்றன. செய்தித்தாளில் 'மின்சாரம் தாக்கித் தொழிலாளி பலி' என்று நான்கு வரியில் வருவதைக் காண்கிறோம். அந்தத் தொழிலாளி எந்தத் தெருவிலிருந்து வேலைக்குப் போனார் என்பதை அந்த நான்கு வரி சொல்வதில்லை; நாம்தான் அறிவோம்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்த உரையைக் கேட்டுவிட்டு யாரும் தாமே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மெயின் பலகையைத் திறந்துவிடக் கூடாது. மின்னமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர், தகுதிச் சான்றிதழ் உடையவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம். மத்திய மின்சார ஆணையம் 2023-இல் வெளியிட்ட பாதுகாப்பு விதிமுறைகளும் அவ்வாறே கூறுகின்றன. எனினும் வேலை செய்பவர் ஒருவர், அங்கே வாழ்நாளெல்லாம் நிற்பவர் மற்றொருவர். நிற்பவருக்குக் கேட்கத் தெரிய வேண்டும். எதைக் கேட்பது என்பதைத்தான் இன்று கூறப்போகிறோம்.

முதலாவது, இணைப்பு. வீட்டு இணைப்பிலிருந்தே பட்டறைக்கு ஒரு கம்பியை இழுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. வீட்டுக்குக் கொடுத்த மின்சாரத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு ஆகும். அதற்கு மிகுதியான கட்டணம் விதிப்பார்கள். அதைவிடப் பெரிய கேடு, வீட்டுக் கம்பி அந்தச் சுமையைத் தாங்காமல் சூடேறித் தீப்பிடிப்பது. குடிசைத் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. இயந்திரங்களின் குதிரைத்திறனைக் கூட்டி எழுதி, மின் பகிர்மானக் கழகத்திடம் முறைப்படி விண்ணப்பித்து, தனி மீட்டருடன் இணைப்புப் பெறுக.

கடன் பெற்றுத் தொழில் தொடங்குவோருக்கு இதில் ஒரு குறிப்பு. 1974-இல் நிறுவப்பெற்ற தாட்கோ வழியாகவோ, 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தின் வழியாகவோ உதவி கோருவோர் திட்ட மதிப்பீட்டில் இயந்திரத்தின் விலையை எழுதுகிறார்கள், கொட்டகையின் செலவை எழுதுகிறார்கள். வயரிங் செலவை மறந்துவிடுகிறார்கள். பணம் தீர்ந்தபின் எஞ்சிய சில்லறையில் வயரிங் நடைபெறுகிறது. உயிரைக் காக்கும் பகுதிக்கு மிச்சம் மீதியை ஒதுக்குவது பொருந்துமா? மதிப்பீடு எழுதும் முதல் நாளே அதற்கு ஒரு வரி எழுதுக.

இரண்டாவது, கம்பியும் பிளக் பாயின்டும். ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று. 1 குதிரைத்திறன் 746 வாட் என்பதால் 3,730 வாட். மும்முனையில் முழுச்சுமையோடு ஓடும்போது அது ஒவ்வொரு பேசிலும் ஏறத்தாழ 7.5 ஆம்பியர் இழுக்கும். ஆனால் புறப்படும் கணத்தில் இதைப்போல் ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர் வரை இழுக்கும். புறப்படும்போது தேவையின்றி அணையாமலும், கம்பியில் கோளாறு நேர்ந்தால் உடனே அணைந்தும் பணிபுரியும் எம்.சி.பி. வேண்டும். விளக்குகளுக்கு இடும் 'பி' வகை இதற்கு ஒவ்வாது. 'சி' வகையில் 16 ஆம்பியர் கொண்ட எம்.சி.பி. இத்தகைய மோட்டாருக்குப் பொருந்தும். மூன்று பேசும் ஒரே நெம்புகோலில் ஒருசேர அணைய வேண்டும்.

அந்த 16 ஆம்பியர் பாயின்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி வழக்கம். தொலைவு மிகுந்தால் 4 சதுர மில்லிமீட்டர். 32 ஆம்பியர் பாயின்டுக்கு 6 சதுர மில்லிமீட்டர். மூன்று பேஸ்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம்; நியூட்ரலுக்குக் கறுப்பு; எர்த்துக்குப் பச்சை என்பது நம் நாட்டு வழக்கு. பச்சைக் கம்பி கையிருப்பில் இல்லையென்று கறுப்பை எர்த்தாக இழுத்தால், பத்து ஆண்டு கழித்துப் பழுது பார்க்க வருபவர் அதனை நியூட்ரல் என நம்பி ஏமாறுவார். நிறம் என்பது நாம் அடுத்த தொழிலாளிக்கு எழுதிவைக்கும் கடிதம்.

மும்முனைக்கு ஐந்து முள் கொண்ட சிவப்பு நிறத் தொழிற்சாலை சாக்கெட்டைப் பொருத்துக: மூன்று பேஸ், ஒரு நியூட்ரல், ஓர் எர்த். ஒருமுனைத் தொழிற்சாலை சாக்கெட் நீல நிறத்தில் வரும். எந்தப் பிளக்கிலும் எர்த் முள் மட்டும் மற்றவற்றைவிடத் தடித்தும் நீண்டும் இருப்பதைக் காண்க. செருகும்போது பாதுகாப்பு முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்துள்ளனர். வீட்டுப் பிளக்கில் அந்த நீண்ட முள்ளை ஒடித்து எறிந்துவிட்டு இரண்டு முள் ஓட்டையில் செருகுவோர் உளர். பிளக்கே இல்லாமல் கம்பியின் முனையைச் சீவி ஓட்டையில் தீக்குச்சியால் அடைப்போரும் உளர். வெல்டிங் செட்டின் கம்பியை மெயின் பலகையின் பியூஸ் முனையில் கொக்கியாக மாட்டுவோரும் உளர். இரண்டு பேஸ்களில் ஓடும் வெல்டிங் செட்டில் அந்தக் கொக்கிகளுக்கு இடையே இருப்பது 400 வோல்ட். இவற்றைக் கண்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எர்த். இதுவே இந்த உரையின் இதயம் என்று கொள்க.

இயந்திரத்தின் உள்ளே கம்பியின் காப்புறை தேய்ந்து, பேஸ் கம்பி இரும்புக் கூட்டைத் தொட்டுவிட்டது எனக் கொள்வோம். எர்த் இல்லையேல் அந்தக் கூடு 230 வோல்ட்டில் வாய் மூடிக் காத்திருக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. தொட்டவர் உடல் வழியே மின்சாரம் மண்ணில் இறங்கும். எர்த் கம்பி இருந்தால் மின்சாரம் அதன் வழியே இறங்கும். இவ்வளவோடு பலர் மனநிறைவு கொள்கின்றனர். கணக்கு அதோடு முடியவில்லை.

நம் எர்த்தும் மின்மாற்றியின் எர்த்தும் சேர்ந்த வழியின் மின்தடை 5 ஓம் என வைத்துக்கொள்வோம். இது நல்ல எர்த் என்றே சொல்லப்படும். 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். அங்கே 32 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. இருந்தால், அது உடனடியாக அணைய ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 160 முதல் 320 ஆம்பியர் வேண்டும். 46 ஆம்பியருக்கு அது மெல்லச் சூடேறி அணைய ஒரு மணி நேரம் வரைகூட ஆகலாம். அதுவரை இயந்திரத்தின் கூட்டில் உயிர் பறிக்கும் அழுத்தம் நிற்கும். ஆகவே எர்த்தோடு ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு காப்பானும் வேண்டும்.

இக்கருவி செய்வது எளிய கூட்டல் கழித்தல். போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று ஓயாமல் பார்க்கிறது. எங்கேனும் மண்ணுக்குக் கசிந்து 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் அணைத்துவிடுகிறது. எர்த்தின் மின்தடை 100 ஓம் ஆகக் கெட்டுப்போயிருந்தாலும் 230-ஐ 100-ஆல் வகுக்க 2.3 ஆம்பியர் ஓடும். கருவிக்கு வேண்டியதோ 0.03 ஆம்பியரே. பட்டறைக்கு நான்கு முனை கொண்ட, 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. கேட்டு வாங்குக. அதன் முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துக, அணையவில்லையேல் மாற்றுக. அடிக்கடி அணைகிறதென்று அதனைச் சுற்றி நேர்க்கம்பி கொடுப்பது, குரைக்கிறதென்று காவல் நாயைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

அதன் எல்லையையும் அறிக. ஒரு கை ஒரு பேசிலும் மறு கை இன்னொரு பேசிலும் பட்டால், போனதும் திரும்பியதும் சமமாகவே இருக்கும். கருவிக்குக் கேடு தெரியாது. ஆகையால் ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்று மின்சாரம் உள்ள கம்பியில் கை வைக்கலாகாது. மிகு சுமையையும் அது தடுக்காது, அதற்கு எம்.சி.பி.யே துணை.

எர்த் குழி எவ்வாறு இருக்க வேண்டும்? குழாய் எர்த் எனில் குறைந்தது 38 மில்லிமீட்டர் உள்விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் மண்ணில் இறங்க வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் இடுவது வழக்கம். மேலே நீர் ஊற்ற ஒரு புனலும் மூடிய தொட்டியும் அமைத்து, கோடையில் நீர் ஊற்றி வர வேண்டும். உலர்ந்த மண் மின்சாரத்தை ஏற்காது. 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஓடும் மோட்டாரின் கூட்டுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது விதி. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும் பொருட்டே இவ்விதி. தண்ணீர்க் குழாயில் கம்பியைச் சுற்றிவிட்டு எர்த் என்பது ஏமாற்று. இடையில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வந்தால் அத்தனையும் வீண். நியூட்ரலையே எர்த் முள்ளில் கோத்துவிடுவது அதனினும் கொடிது. நியூட்ரல் எங்கேனும் அறுந்த அன்று இயந்திரத்தின் கூடு முழுவதும் மின்சாரம் ஏறும்.

நியூட்ரல் பற்றி இன்னொன்று. மும்முனை இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் 230-க்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் ஏறிக் கருவிகள் எரியக்கூடும். ஆதலால் நியூட்ரலில் பியூஸ் வைக்கக் கூடாது. அதன் முனைகளை இறுக்கமாக லக் வைத்து முடுக்க வேண்டும்.

நான்காவது, ஸ்டார்ட்டர். மோட்டாரைச் சாக்கெட்டின் சுவிட்சால் நேரே ஓட்டலாகாது. ஸ்டார்ட்டரில் உள்ள மிகு சுமை ரிலே மோட்டாரைக் காக்கும். மின்தடை ஏற்பட்டு மீண்டும் மின்சாரம் வரும்போது, பச்சைப் பொத்தானை அழுத்தினாலன்றி இயந்திரம் தானே ஓடாது. இது சிறு வசதியன்று. மின்சாரம் இல்லையென்று ரம்பத்தின் பற்களைத் துடைத்துக்கொண்டிருப்பவரின் விரல்களைக் காப்பது இதுவே. மூன்று பேஸ்களில் ஒன்று போனால் மோட்டார் முனகி எரிந்துபோகும். அதைத் தடுக்கும் தனிக் கருவியும் உண்டு. இரண்டு பேஸ்களை இடம் மாற்றினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். ஆகவே புதிதாக இணைத்தபின் முதலில் வெறும் மோட்டாரை ஓட்டித் திசை பார்த்த பின்னரே சாணைக்கல்லையோ ரம்பத்தையோ பூட்டுக.

ஐந்தாவது, வேலை ஒழுங்கு. பழுது பார்க்குமுன் மெயினை அணைத்து, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்க. 'ஆள் வேலை செய்கிறார், போடாதே' என்னும் அட்டையைத் தொங்கவிடுக. பின்னர் மின்சாரம் இல்லை என்பதைச் சோதிக்க. சோதிக்கும் கருவியை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் பார்த்து, அடுத்து வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மீண்டும் மின்சாரம் உள்ள இடத்தில் பார்க்க வேண்டும். கருவியே கெட்டிருந்தால் வெறும் கம்பிபோல் பொய் சொல்லும். புதிய வயரிங் முடிந்ததும் 500 வோல்ட் மெக்கரால் காப்புறையை அளக்கச் சொல்க. 1 மெகா ஓமுக்குக் குறையலாகாது. எர்த்தின் அளவையும் எழுதி வாங்குக. அளந்து எழுதித் தர மறுப்பவருக்கு முழுக் கூலி தர வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

இத்தனைக்கும் பிறகு விபத்து நேரின், விழுந்தவரை ஓடிப்போய்த் தொடாதீர்கள். தாயே ஆயினும் தொடலாகாது. ஒருவருக்கு இருவர் மாண்ட குடும்பங்கள் உண்டு. மெயினை அணையுங்கள். அது இயலாவிடில் உலர்ந்த பலகைமேல் நின்று, உலர்ந்த மரக்கழியால் கம்பியை விலக்குங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மூச்சும் அசைவும் இல்லையேல், மற்றொருவர் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழம் அமுங்குமாறு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். மருத்துவ உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. இப்பயிற்சியை ஒவ்வொரு தெருவிலும் நான்கு பேராவது பெற்றிருக்க வேண்டும்.

இளைஞர்களே, இனி நம் உள்ளத்தில் நெடுநாளாக உள்ள ஒன்றைக் கூறுகிறோம். வயரிங் வேலை நடக்கும் இடங்களைப் பாருங்கள். சுவரை வெட்டுபவர் யார்? பைப் சுமப்பவர் யார்? எர்த் குழி தோண்டுபவர் யார்? பெரும்பாலும் நம் தெருப் பிள்ளைகள். 'ஹெல்ப்பர்' என்று பெயர். பத்தாண்டு வேலை செய்தாலும் ஹெல்ப்பர்தான். கை அறியும் வேலையனைத்தும் அவர்களுக்குத் தெரியும். கையொப்பமிடும் சான்றிதழ் மட்டும் வேறொருவர் பெயரில் இருக்கிறது. இரண்டரை மீட்டர் குழியைத் தோண்டியவரிடம், அந்தக் குழி ஏன் இரண்டரை மீட்டர் என்று யாரும் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை. கேட்டால் 'உனக்கு எதற்கு அது?' என்பார்கள். நூற்றாண்டுகளாக நம்மிடம் சொல்லப்பட்ட சொல் அதுவே. குழி நமக்கு, கணக்கு அவர்களுக்கு என்னும் ஏற்பாடு கிணற்றிலும் இருந்தது, கழனியிலும் இருந்தது. மின்சாரத்திலும் தொடர நாம் இடம் கொடுக்கலாகாது.

அதற்கு வழி திறந்தே இருக்கிறது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எலக்ட்ரீசியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு. இரண்டும் ஈராண்டுப் படிப்பு. ஏற்கெனவே வேலையில் இருப்போருக்கு, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. 21 வயது நிறைந்து, வயரிங் தொழிலில் ஐந்து ஆண்டு செய்முறை அனுபவம் உள்ளவர்க்கென அது அறிவிக்கப்பட்டு வருகிறது. நம் பிள்ளைகளிடம் ஐந்தாண்டு அனுபவத்துக்கா பஞ்சம்? பத்தும் பதினைந்தும் உண்டு. இல்லாதது விண்ணப்பம். அதற்கு மேல் வயர்மேன், மேற்பார்வையாளர், ஒப்பந்தக்காரர் எனப் படிகள் உள்ளன. பெண்பிள்ளைகளும் இப்படிகளில் ஏற வேண்டும். மாவு மில்லின் ஸ்டார்ட்டரை நாள்தோறும் அழுத்தும் கைக்கு அதன் உள்ளமைப்பு விளங்காது என்று யார் சொன்னது?

ஆகவே இவ்வெள்ளி விழாவில் கழகத்துக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, நம் படிப்பகத்தில் வாரம் இரண்டு மாலை, தகுதிகாண் தேர்வுக்கான வகுப்பு நடைபெறட்டும். கணக்கும் ஓம் விதியும் கற்பிக்க ஆசிரியர்களாகிய நாம் கூலியின்றி வருவோம். இரண்டு, கழகத்தின் செலவில் ஒரு மெக்கரும் எர்த் அளக்கும் கருவியும் வாங்கி, உரிமம் பெற்ற நம் தோழர் ஒருவர் பொறுப்பில், நம் உறுப்பினர்களின் பட்டறைகளை ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பதிவேட்டில் எழுதட்டும். மூன்று, தொழிற்கடனுக்கு நம் கழகம் எழுதித்தரும் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் எர்த்துக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் உரிய தொகை தனி வரியாக இடம்பெறட்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் பெரியோர் அரிக்கேன் விளக்கின் கீழ் இக்கழகத்தின் முதல் வகுப்பைத் தொடங்கினார்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் தெருவில் எர்த் குழி தோண்டும் ஒவ்வொரு இளைஞரும் அதன் கணக்கை அறிந்தவராகவும், அந்தக் கணக்கின் கீழ்த் தம் பெயரால் கையொப்பமிடுபவராகவும் விளங்குவாராக.